மீந்த கலவையும் மீந்த மருந்தும்: வேலையிடத்தில் குறை சொல்வது பற்றி ஒரு பரிசீலனை

விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இரண்டு கலவைகளை நம்பிப் பிழைக்கின்றன. ஒன்று சிமெண்டும் மணலும் ஜல்லியும் தண்ணீரும். மற்றொன்று வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் சேர்ந்த பட்டாசு மருந்து. இரண்டும் கலந்த பிறகு காத்திருக்காதவை. சிவகாசி வெயிலில் சிமெண்ட் கலவை சட்டியிலேயே சுண்டத் தொடங்கிவிடும். மருந்துக் கலவையை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும். மீந்தால் முறைப்படி அழிக்க வேண்டும். வைத்திருந்தால் ஈரம் ஏறி நீர்த்து, யாரும் தொடாமலே சூடேறி வெடிக்கக்கூடும்.

இரண்டு தொழிலிலும் இது கடைசி ஆள்வரை தெரிந்த சங்கதி. இருந்தும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இறுகிய கலவையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கிளறுகிறார்கள். மீந்த மருந்தை மறுநாளைக்கென்று ஓர் ஓரமாக வைக்கிறார்கள். அறியாமல் செய்வதல்ல இது. “எதுக்கு இவ்வளவு கலந்தே?” என்ற ஏச்சு வருமே என்ற பயம்தான். வீணாக்கினால் திட்டு நிச்சயம். மீந்துவிட்டது என்று வெளியே சொன்னவரை மெச்சிய முதலாளி அபூர்வம்.

கட்டுமானக் குழுக்களில் குறையை நேர்மையாகவும் அக்கறையாகவும் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு மேலாண்மைப் புத்தகங்கள் பெரும்பாலும் பேச்சுப் பக்குவத்தில் விடை தேடுகின்றன. குரலைத் தாழ்த்துங்கள், தனியே அழைத்துச் சொல்லுங்கள், முதலில் நல்லதைச் சொல்லிவிட்டுப் பிறகு குறையைச் சொல்லுங்கள் என்பார்கள். இதில் எதுவும் தவறில்லை. ஆனால் இந்த வட்டாரத்தின் கட்டட வேலையையும் பட்டாசு வேலையையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், வாயை அடைப்பதில் கடுஞ்சொல்லைவிடக் கூலிக் கணக்குக்குப் பங்கு அதிகம் என்று தெரிகிறது. குறையைத் திருத்த ஆகும் நேரத்துக்கும் பொருளுக்கும் யார் காசு கொடுப்பது என்பது தீராதவரை, எத்தனை இனிமையாகச் சொன்னாலும் அது பாதிப் பேச்சுதான்.

இறங்கும்போது ஏச்சு, ஏறும்போது மௌனம்

ஒரு சாதாரண வீட்டு வேலையை எடுத்துக்கொள்வோம். மேலே வீட்டுக்காரர். அவருக்குக் கீழே இன்ஜினியரோ ஒப்பந்தக்காரரோ. அப்புறம் மேஸ்திரி. அவரிடம் கொத்தனார்கள், நிமிந்தாள்கள், சித்தாள்கள். சென்ட்ரிங் அடிப்பவர், கம்பி கட்டுபவர், எலெக்ட்ரீசியன், பிளம்பர் எல்லாம் தனித்தனிக் குழு, தனித்தனிக் கணக்கு. இந்தப் படிக்கட்டில் குறை இறங்கி வரும்போது ஏச்சாகத்தான் இறங்குகிறது. “கண்ணை எங்க வச்சிருந்த?”, “இதுதான் நீ வேலை பழகின லட்சணமா?” என்று நாலு பேர் முன்னால் விழும் வார்த்தையில் எந்தச் சுவர், எத்தனை அங்குலம் விலகல், இனி என்ன செய்ய வேண்டும் என்ற விவரம் எதுவும் இருப்பதில்லை. ஆளைப் பற்றிய தீர்ப்பு மட்டும் இருக்கும். கேட்டவர் அடுத்த முறை கவனமாகக் கட்டுவாரோ இல்லையோ, கவனமாக மறைப்பார்.

அதே படிக்கட்டில் குறை மேலே ஏறுவதே இல்லை. கலவைக்கு எத்தனை சட்டி மணல் கூடுதலாகப் போனது, மூட்டைக் கணக்கு எங்கே உதைக்கிறது, கான்கிரீட்டில் எத்தனை குடம் தண்ணீர் அதிகமாக விழுந்தது என்பதை முதலில் அறிபவர் சுமந்து போடும் சித்தாள்தான். அவரை யாரும் கேட்பதில்லை. இருபது, முப்பது வருடம் வேலை பார்த்த பெண்கூடக் கரண்டி பிடிக்கும் கொத்தனாராக உயர்வது இன்றும் அரிது. கூலியும் ஆண்களைவிடக் குறைவு. இதோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. யார் யாரை ‘வா, போ’ என்று கூப்பிடலாம், யார் சொன்னால் ரோஷம் வரும் என்பதை ஊர் எப்போதோ தீர்மானித்து வைத்திருக்கிறது; வேலையிடம் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்கள் வந்த பிறகு மொழியும் ஒரு சுவராயிற்று. அவர்களுக்குத் தமிழில் முதலில் கற்றுக்கொடுக்கப்படுவது வேலைக் கட்டளைகள். ‘இது சரியில்லை’ என்று சொல்ல ஒரு வாக்கியம் யாரும் கற்றுத்தருவதில்லை.

படித்து முடித்து வந்த இளம் இன்ஜினியருக்கும் ஐம்பது வயதுக் கொத்தனாருக்கும் இடையே இன்னொரு சிக்கல். வயதில் பெரியவரை ஏச இவருக்கு வாய் வராது. ஏசாமல் எப்படிச் சொல்வது என்றும் தெரியாது. அதனால் மேஸ்திரியிடம் சொல்வார். மேஸ்திரி அதைத் தன் பாணியில் காரம் சேர்த்துக் கொத்தனாரிடம் கொண்டுபோவார். நடுவில் கைமாறும் குறையில் அளவு தொலைந்து கோபம் மட்டும் மிஞ்சும்.

மூன்று பழைய குறைகள்

கட்டடத்தில் அடிக்கடி நிகழும் மூன்று குறைகளைப் பார்த்தால் மௌனத்தின் பொருளாதாரம் விளங்கும்.

முதலாவது, தண்ணீர். கான்கிரீட் தளர்ந்து ஓடினால் போடுவது சுலபம், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் தேவைக்கு மேல் விழும் தண்ணீர் பின்னால் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச்செல்லும், வலிமை குறையும். சதுரக் கணக்கில் மொத்தமாக வேலை எடுத்த குழுவுக்கு வேகம்தான் வருமானம். ‘தண்ணீர் ஜாஸ்தி’ என்று சொல்லும் சித்தாள் தன் குழுவின் வருமானத்துக்கே குறுக்கே நிற்பவராகிறார்.

இரண்டாவது, முட்டு பிரிப்பது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 (2000), சாதாரண சிமெண்டில் போட்ட தளத்துக்கு 4.5 மீட்டர் வரையிலான இடைவெளியில் 7 நாளும், அதற்கு மேல் போனால் 14 நாளும் முட்டுகள் நிற்க வேண்டும் என்கிறது. சென்ட்ரிங் தகடும் முட்டும் வாடகைச் சரக்கு. ஒவ்வொரு நாளும் காசு. அடுத்த வீட்டில் தளம் போடக் காத்திருப்பார்கள். “இன்னும் நாலு நாள் நிக்கட்டும்” என்று சொல்பவரிடம் உடனே திரும்பி வரும் கேள்வி: “வாடகை நீ தர்றியா?”

மூன்றாவது, தண்ணீர் காட்டுவது. அதே தர நிர்ணயம் குறைந்தது 7 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. வறண்ட வெப்பத்தில் அது 10 நாளுக்குக் குறையக் கூடாது. சாம்பல் கலந்த சிமெண்டானால் 14 நாள் வரை நீட்டப் பரிந்துரைக்கிறது. ராமசாமி ராஜா நகரிலும் ஆலங்குளத்திலும் சிமெண்ட் ஆலை கண்ட மாவட்டம் இது. சிமெண்டுக்குப் பஞ்சமில்லை, தண்ணீருக்குத்தான் பஞ்சம். லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கும் ஊரில் தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துவது யார் செலவு? தளம் போட்ட குழு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. வீட்டுக்காரர் அது மேஸ்திரியின் பொறுப்பு என்று நினைக்கிறார்; மேஸ்திரி அது வீட்டுக்காரர் பாடு என்கிறார். தளம் வெடித்த பிறகு எல்லாரும் எல்லாரையும் குறை சொல்வார்கள். சொல்ல வேண்டிய அந்தப் பத்து நாளில் யாரும் வாய் திறக்கவில்லை.

மூன்றிலும் தவறு தெரிந்தவர் ஒருவர், அதைத் திருத்தினால் நஷ்டப்படுபவர் பெரும்பாலும் அவரே. இந்த முடிச்சை அவிழ்க்காமல் ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்று அறிவுரை சொல்வது ஊருக்கு உபதேசம்.

பட்டாசு வட்டாரம் காட்டுவது

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். அதன் கிளையாக வளர்ந்ததுதான் பட்டாசு. மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு; விவசாயத்துக்குச் சாபமான இதுவே மருந்து காய்வதற்கு வரமாயிற்று. இன்று சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் சுற்று வட்டாரத்தில் ஆயிரத்தையொட்டிய ஆலைகள் இருக்கின்றன. ஆலையின் அளவை உள்ளூரில் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று உரிமம் வழங்கிய அலுவலகத்தை வைத்தே சொல்வார்கள்.

இங்கே கட்டுமானமும் பட்டாசும் நேரடியாகச் சந்திக்கின்றன. வெடிபொருள் விதிகள் (2008) பட்டாசு அறையைக் கட்டும் விதத்திலேயே பாதுகாப்பை வைத்திருக்கின்றன. அறைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே வெற்று இரும்பு தெரியக் கூடாது. தரையில் மணலோ கல்துகளோ உதிரக் கூடாது. வேலை நடக்கும் அறையில் பொதுவாக நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வேறு கட்டடத்தில் தரைப்பூச்சு சொரசொரப்பாக வந்தால் அது அழகுக் குறை. இங்கே அந்த ஒரு துகள் மருந்தோடு உரசினால் உயிர். ஆகவே “தரை பொரிந்து வருது, இன்னொரு கை இழுக்கணும்” என்று கொத்தனாரிடம் சொல்வதும், கொத்தனார் அதை முகம் சுளிக்காமல் ஏற்பதும், உள்ளே உட்கார்ந்து திரி சொருகப்போகும் பெண்களுக்கான காப்பீடு. அவர்களோ அறை கட்டும்போது அங்கே இல்லை. கட்டியவருக்கும் அதில் உட்காருபவருக்கும் இடையே பேச்சுக்கு வழியே இல்லை என்பது இந்தத் தொழிலின் பெரிய ஓட்டை.

விபத்துகளின் வரலாற்றை இந்தக் கண்ணோடு வாசிக்கலாம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். முதல் வெடிச்சத்தம் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்தவர்களும் அவர்களில் அடங்குவர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. அந்த விபத்தையொட்டிப் பரவலாகப் பேசப்பட்ட நோய் உள்குத்தகை: உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் வேறு வேறு ஆட்கள் கையில். 2024இலும் 2025இலும் பத்துப் பேர் அளவில் உயிர்பறித்த விபத்துகள் மறுபடி நடந்தன.

உள்குத்தகை பேச்சை எப்படிக் கொல்கிறது என்று யோசிக்கலாம். ஃபோர்மேனிடம் ‘அறையில் ஆள் அதிகம்’ என்றால், அவருக்கு உத்தரவு போடுபவர் குத்தகைதாரர், உரிமக்காரர் அல்ல. குத்தகைதாரர் போட்ட பணத்தைத் தீபாவளிக்குள் எடுத்தாக வேண்டும். தொழிலாளிக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கு. போதாததற்கு முன்பணம் வாங்கியிருப்பார். குறையைச் சொன்னால் வேலை நிற்கும். வேலை நின்றால் எண்ணிக்கை குறையும். குறையைக் கேட்டு முடிவெடுக்க வேண்டிய நாற்காலியே காலியாக இருக்கும் இடத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? கட்டடத் தொழிலில் ஒப்பந்தம், துணை ஒப்பந்தம், அதற்கும் கீழே கொத்து ஒப்பந்தம் என்று நீளும் சங்கிலியும் இதே வேலையைச் செய்கிறது.

வெளியே நடந்தவை

இது சிவகாசிக்கு மட்டும் உரிய நோயல்ல. 1907 ஆகஸ்ட் 29 அன்று கனடாவின் கியூபெக் பாலம் கட்டும்போதே சரிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பே எஃகு உறுப்புகள் வளைவதைத் தளத்திலிருந்த இளம் பொறியாளர் நார்மன் மெக்லூர் அளந்து எழுதியிருந்தார். பொருத்தும் முன்பே வளைந்திருந்ததா, பிறகு வளைந்ததா என்று பெரியவர்கள் கடிதத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மெக்லூர் நியூயார்க்குக்கே போய் ஆலோசகர் தியோடர் கூப்பரைச் சந்தித்தார். இனி எடை ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். அது போனது பாலம் கட்டிய நிறுவனத்தின் அலுவலகத்துக்கு, பாலத்துக்கு அல்ல. அன்று மாலையே பாலம் விழுந்தது. குறை சொல்லப்பட்டது, ஏற்கப்பட்டது; வேலையை நிறுத்தும் கைக்கு மட்டும் போய்ச்சேரவில்லை.

வங்கதேசத்தின் ராணா பிளாசாவில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் வரவழைக்கப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் போகும் என்ற மிரட்டல். 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே யாருக்கும் தெரியாத இரகசியம் எதுவும் இல்லை. சம்பளம்தான் அவர்களை உள்ளே தள்ளியது. நம் பக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். தமிழில் ஒரு புகார் சொல்லக்கூட இயலாதவர்கள் பலர் அந்தத் தளத்தில் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஆய்வாளர்களும் இதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். 1990களில் அமெரிக்க மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல குழுக்களில் பதிவான பிழைகள் அதிகமாக இருப்பதைக் கண்டு முதலில் திகைத்தார். அவர்கள் அதிகம் பிழை செய்யவில்லை, அதிகம் வெளியே சொன்னார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். டொயோட்டா கார் ஆலைகளில் தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்தால் மேற்பார்வையாளர் ஓடிவர வேண்டும். உடனே தீராவிட்டால் வரிசையே நிற்கும். அந்தக் கயிற்றின் பலம் அதை இழுத்தவருக்குச் சம்பளம் குறையாது என்பதில் இருக்கிறது.

சட்டம் எதுவரை வரும்?

போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் பிரிவு சேர்ந்தது. அபாயகரமான செயல்முறை உள்ள ஆலையில், ஆபத்து நெருங்குவதாக நியாயமான அச்சம் கொண்ட தொழிலாளி நிர்வாகத்திடமும் அதே நேரத்தில் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் சொல்லலாம் என்றது அது. நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்தக் கருத்து 2020ஆம் ஆண்டின் தொழில்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. கட்டுமானத்துக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம் 500 பேர் வேலைபார்க்கும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவான இடங்கள் அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. பத்து லட்சத்துக்கு மிகாத சொந்த வீட்டு வேலைக்கும் அதில் விலக்கு இருந்தது. சிவகாசித் தெருவில் நடந்த பெரும்பாலான வேலை இந்த விலக்குக்குள்தான் விழுந்தது. சட்டம் பேசும் உரிமையைத் தருகிறது. பேசியவரின் அடுத்த வாரத்து வேலையை உறுதிசெய்வதில்லை.

எதிர்வாதங்கள்

“அடிக்கிற கைதான் அணைக்கும், ஏச்சு வாங்காமல் எவன் கொத்தனார் ஆனான்?” என்பது தொழிலில் பழகிய பலரின் வாதம். இதில் ஓர் உண்மை இருக்கிறது. சாரத்தில் ஆள் வழுக்கும்போதும், மருந்தறைக்குள் செல்போனோடு ஒருவர் நுழையும்போதும் ‘தம்பி, ஒரு நிமிடம்’ என்று இழுக்க முடியாது. அங்கே கத்தத்தான் வேண்டும். ஆனால் ஆபத்தைத் தடுக்கும் கூப்பாடு வேறு; ஆபத்து கடந்த பிறகு ஆளை மட்டம்தட்டும் ஏச்சு வேறு. கத்திய மேஸ்திரி தேநீர் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து “ஏன் அந்தப் பக்கம் போனே? வழியில் கம்பி கிடந்ததா?” என்று கேட்டால்தான் முன்னால் கத்தியது முழுமையாகும்.

மறுபக்கத்தில் இனிமையின் ஆபத்தும் உண்டு. மனம் நோகக் கூடாது என்று பூசி மெழுகும் இன்ஜினியர், சுவர் சாய்ந்ததைச் சொல்லாமல் பூச்சில் சரிக்கட்டச் சொல்வார். பூச்சு ஓரிடத்தில் கனத்து, பின்னால் உதிரும். அக்கறையின் பெயரால் செய்த இந்தப் பொய்யின் விலையை வீட்டுக்காரர் கொடுக்கிறார். பெயர் கெடுவது கொத்தனாருக்கு.

‘திருத்தச் செலவை முதலாளி ஏற்றால் அலட்சியம் பெருகும்’ என்பது மூன்றாவது வாதம். இது வலுவான வாதம். விடை, பிழையைப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. அன்றே ஒத்துக்கொண்ட பிழைக்குச் செலவு வேலையின் கணக்கில். மறைத்துவைத்துப் பிறகு வெளிப்பட்ட பிழைக்குச் செலவு மறைத்தவர் கணக்கில். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் அது பயிற்சியின் கேள்வி. இப்போது நடப்பில் முதலிரண்டுக்கும் ஒரே தண்டனை. அப்படியிருக்க எவர் முன்வந்து சொல்வார்?

எது நல்ல குறை?

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் வேலையிடத்தில் சொல்லத்தக்க குறைக்கு ஒரு வடிவம் கிடைக்கிறது. அது ஆளைவிட்டுக் கருவியைப் பேசவிடும். தூக்குக்குண்டுக்கும் ரசமட்டத்துக்கும் சாதி, வயது, படிப்பு கிடையாது. “அண்ணே, இந்த மூலையில் தூக்குக்குண்டு அரை இஞ்சு தள்ளி நிக்குது, நீங்களே பாருங்க. மேல அடுக்கு ஏத்துறதுக்கு முன்னாடி மூணு வரி பிரிச்சிருவோம். அரை நாள் கூலி என் கணக்கு” என்று ஓர் இளம் இன்ஜினியர் சொன்னால் அளவும் நேரமும் திருத்தமும் செலவும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. மரியாதை ‘அண்ணே’யில் தொடங்கினாலும் நிலைப்பது கடைசி வாக்கியத்தில்தான்.

மேலே போகும் குறைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் பத்து நிமிடம், கூலி உண்டு என்ற கணக்கில் எல்லாரும் கூடி, நேற்று எது மீந்தது, எது உடைந்தது, எது பயமாக இருந்தது என்று கேட்கலாம். கேள்வியைச் சித்தாளிடமிருந்து தொடங்க வேண்டும். “அக்கா, கலவை எப்படி வந்துச்சு?” என்று மேஸ்திரி தினமும் கேட்டால் ஒரு வாரத்தில் பதில் வரத் தொடங்கும். கொத்தனார் பேசிய பிறகு கேட்டால் அவர் வாயே திறக்க மாட்டார். வடமாநிலத்தவர் இருந்தால் அவர்களில் தமிழ் பிடிபட்ட ஒருவருக்கு இதைப் பொறுப்பாகவே கொடுத்து, அதற்கும் காசு தரலாம்.

வீட்டு வேலையின் மதிப்பீட்டிலேயே திருத்தச் செலவு, தண்ணீர் காட்டும் ஆள், முட்டு நிற்கும் முழு நாள் வாடகை மூன்றையும் தனித்தனி வரியாக எழுதிவிடலாம். எழுதிவிட்டால் அவற்றைக் கேட்பது குறை சொல்வதாக இருக்காது, கணக்குக் கேட்பதாகிவிடும். பட்டாசு ஆலையில் மீந்த மருந்தைக் காட்டியவரின் எண்ணிக்கையில் அந்த அளவைக் கழிக்காமல் கூலி போடுவதும், புது அறை கட்டினால் தரைப்பூச்சைப் பார்வையிட உள்ளே வேலைசெய்யப்போகும் பெண்களில் இருவரை அழைப்பதும் இதே வகை. இவை பெரிய முதலீடு கேட்பவை அல்ல. ஆனால் உள்குத்தகை ஒழியாத ஆலையில் இவற்றைச் செய்ய உரிமையாளர் என்று ஒருவர் நேரில் இருக்க மாட்டார். உரிமம் வைத்திருப்பவரே வேலை நடத்துகிறாரா என்ற அதிகாரிகளின் சோதனை அதனால்தான் பேச்சுரிமையின் சோதனையும் ஆகிறது.

ஒரு தளமோ ஆலையோ குறை கேட்கும் இடமா என்று அறிய அங்கே ஒட்டியிருக்கும் பாதுகாப்பு வாசகங்களைப் படிக்க வேண்டியதில்லை. கடைசியாக அங்கே யார், என்ன குறையைச் சொன்னார், அந்தச் சனிக்கிழமை அவருக்குச் சம்பளம் முழுதாக வந்ததா, அடுத்த திங்கட்கிழமை அவரை வேலைக்குக் கூப்பிட்டார்களா என்று விசாரித்தால் போதும். இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் வரும் இடத்தில் கொஞ்சம் கடுமையாகப் பேசினாலும் வேலை நேராக நிற்கும். ‘இல்லை’ என்று வரும் இடத்தில் எவ்வளவு மென்மையாகப் பேசினாலும் எவரும் உண்மை சொல்லப்போவதில்லை.